கம்பிக்காரர் இல்லாத ஆல்பம்

என் அண்ணிக்குக் காதுதான் சோறு போடுகிறது. அவள் காதும், அடுத்தவர் காதும். காது கேட்கும் கருவி விற்கும் ஒரு சின்னக் கடையில் அவள்தான் சோதனை செய்பவள். அதே கடையில் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கூப்பிட்டு வரிசைப்படுத்துகிறவள் நான். என் வீட்டுக்காரருக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. வீட்டிலும் நாத்தனார், வேலையிலும் நாத்தனார் என்று கேள்விப்பட்டவர்கள் எனக்காக உச்சுக்கொட்டுவார்கள். கொட்டுவதானால் என் வீட்டுக்காரரை நினைத்துக் கொட்டலாம். நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டால் அவர் பாடு அப்படி.

அண்ணி ஐம்பது தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்தவனெல்லாம் பேசிக்கிட்டே இருந்தான்டி" என்பாள். மாடியில் ஒரு அறை அவளுக்கு. சாப்பாடு கீழே எங்களோடு. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவாள். ஆனால் காது விஷயத்தில் அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது. தண்ணீர் மோட்டார் ஓடுகிற ஓசையை வைத்தே தொட்டி காலியா நிறைந்ததா என்று மாடியிலிருந்தபடி சொல்வாள்.

கடையின் பின்பக்கத்தில் சோதனைக் கூண்டு இருக்கிறது. சுவரெல்லாம் நுரைமெத்தை, குளிர்பெட்டிக் கதவைப் போல ஒரு தடித்த கதவு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல். சோதனைக்கு வருகிறவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்காருவார். கையில் ஒரு பொத்தான். அண்ணி வெளியே இருந்து ஒவ்வொரு ஓசையாக அனுப்புவாள், முதலில் தடித்தது, பிறகு கீச்சென்று போவது. கேட்டால் அழுத்த வேண்டும். புதிதாக வேலை கற்க வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்வது, ஒரே இடைவெளியில் ஓசையை அனுப்பாதே என்பதுதான். "தாளம் புடிச்சுக்கும். அப்புறம் காது அழுத்தாது, விரல் அழுத்தும்" என்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிற பழமொழிக்கு எங்கள் கடையில் தடை. யாராவது வாய்தவறிச் சொன்னால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் செலவு.

இத்தனை சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பாட்டுப் போடுவாள். அதுவும் ஒரே ஒரு இசைக்குழுவின் பாட்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அக்காவும் தம்பியும் ஒரே கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார்களாம். இன்னமும் அவர்களை "நம்ம பசங்க" என்றுதான் சொல்வாள். பசங்களில் இளையவருக்கே முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது.

நாலு பேர் கொண்ட அந்தக் குழுவில் அவளுக்கு உயிர், ஓரமாக நிற்கும் ஒருவர் மேல். அவர் பாட மாட்டார், ஆட மாட்டார். மூன்று மூலையாக வளைத்த ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, சின்னக் கோலால் அவ்வப்போது தட்டுவார். டிங். அவ்வளவுதான். "இதுக்கு ஒரு ஆளா அண்ணி? நம்ம வாசல் மணியைக் கழட்டிக் குடுத்தா ஆச்சே" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன், இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அந்த டிங் விழுகிற இடத்தில்தான் பாட்டு மூச்சு விடுகிறது என்பது அவள் கட்சி. அவரைக் கம்பிக்காரர் என்பாள். அவள் சொல்லிச் சொல்லி, உலகமெங்கும் இருக்கிற ரசிகர்களுக்கும் அவர் கம்பிக்காரராகிவிட்டார்.

அந்த ரசிகர்களுக்குப் போனில் ஒரு வட்டம் உண்டு. அங்கே இவள் பெயர் காதக்கா. ஒரு பழைய ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது, வேகத்தை ஒரு மயிரிழை கூட்டிவிட்டார்கள் என்று இவள்தான் கண்டுபிடித்தாள். வெளியிட்டவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதிலிருந்து வட்டத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. புதுப் பாட்டு எது வந்தாலும், காதக்கா எழுதும்வரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பல வருஷம் கழித்துப் புது ஆல்பம் வந்தது. அன்று சனிக்கிழமை, கடை அரை நாள். எல்லோரும் போன பிறகு அண்ணி கடையிலேயே நல்ல ஹெட்போனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். நான் வெளியே கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டுக்குக் கண்ணை மூடிச் சிரித்தாள். இரண்டாவதில் புருவம் சுருங்கியது. மூன்றாவதில் வலது கை விரலைத் தூக்கினாள். டிங் வரப்போகிறது என்று தெரிந்தால் அப்படித் தூக்குவாள், வந்ததும் இறக்குவாள். தூக்கிய விரல் தூக்கியபடி நின்றது. போய்விட்ட பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவர் மாதிரி ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

பேய் அறைந்த முகத்தோடு வெளியே வந்தாள்.

"என்ன அண்ணி, நல்லால்லியா?"

"அவர் இல்லடி."

"யாரு?"

"கம்பிக்காரர். ஒரு பாட்டுல கூட இல்ல. பாடறவருக்குப் போர்வையைப் போத்திவிட்ட மாதிரி இருக்கு. என்ன பண்ணித் தொலைச்சாங்கன்னு தெரியல."

நின்றபடியே போனில் எழுதினாள். எழுதியதை எனக்கும் படித்துக் காட்டினாள். 'முதல் கேட்பில் தோன்றியதைச் சொல்கிறேன். குடித்தனம் காலி செய்த வீட்டில் நடந்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. சாமான்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன, ஒரு ஆளை மட்டும் காணோம். பாடுகிறவர் பக்கத்து அறையிலிருந்து பாடுகிறார். கதவைத் திறங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. நம் கம்பிக்காரரை என்ன செய்தீர்கள்?'

வட்டம் கொதித்தெழுந்தது. ஆமாம் அக்கா, நானும் கவனித்தேன் என்றார்கள். எனக்கும் முதல் பாட்டிலேயே வெறுமையாக இருந்தது என்றார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும், மூன்றாவது பாட்டில் இருக்கிறதே என்று எழுதினார். அவரை நாலு பக்கமும் இருந்து சாத்தினார்கள். பாவம், வட்டத்தை விட்டே ஓடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பிக்காரர் செத்துப்போய்விட்டார், விற்பனைக்காக மறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. குழுவினர் ஒரு படம் போட்டார்கள், நாலு பேரும் நிற்க, அவர் கையில் கம்பி. பழைய படம் என்று சொல்லிவிட்டது வட்டம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அண்ணி நிஜமாகவே அழுதாள். மாடியில் பழைய ஆல்பங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். நான் டீ கொண்டுபோனபோது, "இதோ பாரு, இங்க இருக்கார். இங்க எவ்வளவு தெளிவா இருக்கார்" என்று விரலைத் தூக்கி இறக்கிக் காட்டினாள். உயிரோடு இருக்கிற மனுஷருக்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் துக்கம் நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போயிருந்தவர் திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பினார். சமையலறை அலமாரியில் அவருடைய பழைய பாட்டுப்பெட்டி ஒன்று இருக்கிறது. தடித்த சத்தத்துக்கு ஒரு திருகு, கீச்சுச் சத்தத்துக்கு ஒரு திருகு. போனை அதில் இணைத்துப் புது ஆல்பத்தைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

"ஏங்க, கம்பிக்காரர் செத்துட்டாராமே" என்றேன்.

"யார் சொன்னா?"

"உங்க அக்காவோட ஆளுங்கதான். கம்பியே இல்லையாமே இதுல."

அவர் என்னைப் பார்த்தார். "செத்தவர்தான் இந்தத் தட்டுத் தட்டறாரா?"

கேட்டேன். மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிங். கொஞ்சம் விட்டு, டிங், டிங். பாட்டு முழுக்க அவர்தான். ராகம் தாளம் எதுவும் தெரியாத எனக்கே கேட்டது.

"அக்கா என்ன, கம்பிக்காரர் கம்பி நீட்டிட்டாருன்னா எழுதினா?" என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் அவரும் நிறுத்திக்கொண்டார். துணி துவைக்கும் மிஷின் வேலை முடிந்து எத்தனை கூவினாலும் கொஞ்ச காலமாக அண்ணி எழுந்து போவதில்லை. வயசாகிறது, சோம்பல் என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"நீ சொல்லு" என்றார்.

"நான் எப்படிச் சொல்றது? நீங்கதான் தம்பி."

"நீதான் கூட வேலை பாக்கறவ."

இப்படி நாங்கள் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணி படியிறங்கி வந்தாள். பெட்டியில் ஓடுவது எது என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தாள். "இந்தச் சவத்தை ஏன்டா போடற?"

"அக்கா, கொஞ்சம் உக்காரு. கம்பி எங்க வருதுன்னு நான் மேஜையில தட்டறேன். பாரு."

உட்கார்ந்தாள். அவர் டிங் விழும்போதெல்லாம் மேஜையில் விரலால் தட்டினார். அண்ணி பெட்டியைப் பார்க்கவில்லை, அவர் விரலையே பார்த்தாள். ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகு, "விளையாடாதடா" என்றாள். "அப்ப பழசைப் போடு. பழசுல எனக்குக் கேக்குதே. அதைப் போடு."

அவர் பழைய பாட்டைப் போட்டார். இப்போது அவள் தட்டினாள். ஒவ்வொரு டிங்குக்கும் அவள் நகம் மேஜைமேல் விழுந்தது. கொஞ்சம்கூட முன்னே இல்லை, பின்னே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றுமில்லை, காது நன்றாகத்தான் இருக்கிறது, புதுப் பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அண்ணிக்கும் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.

என் வீட்டுக்காரர் அலமாரிப் பக்கம் நகர்ந்து, கீச்சுச் சத்தத்துக்கான திருகை மெதுவாகக் குறைத்தார். முழுக்கக் குறைத்துவிட்டார். பாட்டு ஓடியது, கம்பி மறைந்துபோனது. எனக்குக் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை. அண்ணியின் நகம் மட்டும் சரியான இடங்களில் விழுந்துகொண்டிருந்தது. உதட்டோரம் சிரிப்பு வேறு. அந்த வீட்டில் எங்களுக்குக் கேட்காத ஒருவர் அவளுக்காக மட்டும் கம்பி தட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிவதற்குள் அவள் கண்ணைத் திறந்தாள். தம்பியின் கை திருகின்மேல் இருந்தது. அவள் என்ன தொழில் செய்கிறவள்? அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"குறைச்சுட்டியா?"

"ஆமாக்கா."

"எப்போ?"

"அப்பவே. பாதியிலயே."

நகத்தை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "அப்ப இவ்வளவு நேரம் நான் கேட்டது என்னது?" என்றாள். வெங்காயத்தோலைக் கூட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கடையில் அவளே கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். என்னை வெளியே பொத்தான்களுக்கு முன்னால் உட்கார வைத்தாள். "தாளமா அனுப்பாத. இஷ்டத்துக்கு அனுப்பு. என் முகத்தைப் பாக்காத" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோர் காதையும் சோதிப்பார்கள். எங்களை அவள் சோதிப்பாள். அவளை முதலாளி சோதிப்பார். முதலாளிக்கு ஒரே ஒரு வரிசைதான் தெரியும், அதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். எந்த ஓசைக்குப் பிறகு எந்த ஓசை, எவ்வளவு இடைவெளி, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வருஷா வருஷம் முழு மதிப்பெண். அவள் ஏமாற்றவில்லை. அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

அன்றைக்கு நான் அனுப்பிய கீச்சு ஓசைகளில் பாதிக்குமேல் பொத்தான் அழுந்தவில்லை. நான் எதுவும் அனுப்பாமல் சும்மா இருந்தபோது மூன்று தடவை அழுந்தியது.

முதலாளி நல்ல மனுஷர். யானைக்கும் அடி சறுக்கும் என்றார், கருவியை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம் என்றார். கருவி பொருந்துவதற்கு நானே அவள் காதுக்கு அச்சு எடுத்தேன். கருவி வர ஒரு வாரம் ஆகும். அண்ணி வட்டத்திலும் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: கம்பிக்காரர் இருக்கிறார், எனக்குத்தான் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒருவரும் நம்பவில்லை. அக்காவை யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்றார்கள். இப்போதும் அந்த ஆல்பத்தில் கம்பி இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வேலை போகவில்லை. ஆனால் அண்ணியை அரித்தது வேலை இல்லை. பழைய பாட்டைப் போடுவதை நிறுத்திவிட்டாள். "போடாமலே கேக்குது, எதுக்குப் போடணும்" என்றாள். காலையில் எழுந்து வந்ததும் என்னைக் கேட்பாள், காக்கா கத்தியதா, வாசலில் யாராவது கூப்பிட்டார்களா, மழை பெய்ததா என்று. பெய்தது என்றால் ஆறுதலாகத் தலையாட்டுவாள். இல்லை என்றால் பேசாமல் போய்விடுவாள். கருவி வருவதற்கு முன்பு ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

"மாடியில படுத்திருந்தா நீங்க ரெண்டு பேரும் கீழ பேசிக்கறது கேக்கும்டி. அந்தச் சத்தத்துலதான் எனக்குத் தூக்கமே வரும்."

"தெரியுமே. அதனாலதான் உங்களைப் பத்தி மெதுவாப் பேசறோம்."

அவள் சிரிக்கவில்லை. "போன மாசம் நீங்க கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தீங்களே. அன்னிக்கும் கேட்டுது."

நான் கையிலிருந்த தட்டைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது, மறைப்பானேன். என் குரல் என்னைவிட்டுப் பிரிந்து இந்த வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டு திரிகிறது. அவள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எத்தனை மாதமாகவோ.

"உன்னை நிஜமா கேக்கறேனா, இல்ல கேட்டுக்கேட்டுப் பாடமா ஆயிட்டியான்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சமையலறை முக்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப எனக்குப் பின்னால நின்னு ஏதாவது சொல்லு. இதுவரைக்கும் நீ என்கிட்ட சொல்லாததாச் சொல்லணும். பழசு எது சொன்னாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன். அது கணக்கில்ல."

நின்றேன். என்ன சொல்வது? அவள் கண்ணாடியைப் பற்றிய கேலி, நடையைப் பற்றிய கேலி, குறட்டையைப் பற்றிய கேலி, எல்லாம் நூறு தடவை சொல்லித் தேய்ந்தவை. கடை, வீடு, விலைவாசி என்று நாங்கள் பேசாத பேச்சு எது? யோசிக்க யோசிக்க ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த நரைத்த தலையைப் பார்த்தபோது கூச்சம் போய்விட்டது.

"நீங்க இந்த வீட்டுல இல்லன்னா, நான் எப்பவோ என் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன் அண்ணி" என்றேன்.

தோள் குலுங்கச் சிரித்தாள். என் கேலிகளுக்கு அவள் வழக்கமாகச் சிரிக்கும் சிரிப்பு. "போடி, உனக்கு வேற வேலையில்ல. இதை ஆயிரம் தடவை சொல்லியாச்சு. புதுசா சொல்லுன்னா" என்றாள்.

நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, என் பழைய கேலி எதுவோதான் கேட்டிருக்கிறது. சுற்றிக்கொண்டு போய் அவளுக்கும் சுவருக்கும் நடுவில் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அதே வாக்கியத்தை இன்னொரு முறை, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"இது நீ சொன்னியா," என்று கேட்டாள், "இல்ல நானா வச்சுக்கிட்டேனா?"

"நான்தான் அண்ணி. நான்தான் சொன்னேன்."

நம்பவில்லை. கையை நீட்டி உள்ளங்கையை என் தொண்டைமேல் வைத்துக்கொண்டாள். பாத்திரம் துலக்கிய கை, ஜில்லென்று இருந்தது.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

சொன்னேன்.